பதினோரு வட்டங்கள்

குடையை இனி வாசல் கதவுக்கு இடதுபுறம் மாட்டுவது என்று தீர்மானமாகிவிட்டது. பதினெட்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு, நேற்றுக் காலை பத்தரை மணிக்குப் பழைய ஆணி பிடுங்கப்பட்டுப் புதிய ஆணி அடிக்கப்பட்டது. வலதுபுறத்தை ஆதரித்த உன் அம்மா இரண்டு கூட்டங்களுக்கு வந்தாள். மூன்றாவதற்கு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி வரவில்லை. அவளுடைய மாற்றுக் கருத்து பதிவு செய்யப்பட்டிருக்கிறது. மைசூர் விஜயநகருக்குக் குடிவந்த பிறகு இந்த வீட்டில் எடுக்கப்பட்ட பெரிய முடிவுகளில் இது இரண்டாவது. முதலாவது, விஜயநகருக்குக் குடிவருவது. முப்பது வருஷம் உத்தரவு போட்டுப் பழகியவனுக்கு ஓய்வுக்குப் பின் கையில் மிஞ்சுவது சுத்தியலும் ஆணியும்தான். அதையும் நிதானமாகத்தான் பயன்படுத்துகிறேன்.

ஆணி அடித்து முடித்தபோது தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். உன் பொறுப்பில் இருக்கும் புல்வெளிக்குள் ஆடு மாடு எதுவும் நுழையக் கூடாது, நுழைந்தால் வழக்கு என்று ஓர் உத்தரவு தட்டச்சாகி உன் மேஜையில் கிடப்பதாக எழுதியிருக்கிறாய். வரைவை மேலதிகாரியே கொடுத்துவிட்டாராம், திங்கட்கிழமைக்குள் நீ கையெழுத்துப் போட்டால் போதுமாம். "உங்கள் காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் அப்பா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். அந்த வரியை நான் நான்கு முறை படித்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டிருக்கிறாய். நீ என் பிள்ளைதானா என்று சந்தேகப்பட இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்ததில்லை. உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் என்னை மாதிரி" என்றாள். மறுக்க ஆதாரம் இல்லாததால் விட்டுவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது. இதை எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். திங்கட்கிழமைக்கு முன் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

என் காலத்தில் நான் என்ன செய்தேன் என்பதை நீ மற்றவர்களிடம் கேட்டிருந்தால் நல்லவிதமாகவே சொல்லியிருப்பார்கள். அதனால்தான் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. மாநிலத்தின் பெயர் மைசூர் என்பதிலிருந்து கர்நாடகம் என்று மாறியிருந்த சமயம். அலுவலகத் தாள்களில் அச்சடித்திருந்த பழைய பெயரை அடித்துவிட்டுப் பேனாவால் புதிய பெயரை எழுதுவது எங்கள் காலை வேலை. நாம் அக்ரஹாரத்தில் வாடகைக்கு இருந்தோம். உன் தாத்தா ரயில்வேயில் சேர்ந்து மைசூருக்கு வந்ததால் நான் மைசூர்க்காரன். வனத்துறை வேலையோ மாவட்டத்தின் கடைசி மூலையில், ஹனூருக்கும் அப்பால். வாரத்தில் நான்கு நாள் அங்கே, மூன்று நாள் உங்களோடு. அங்கே என் பொறுப்பில் ஒரு காவல் இருந்தது. மேய்ச்சலுக்கென்று அந்தக் காலத்திலேயே ஒதுக்கி வைத்த புல்வெளியைத்தான் அந்தப் பக்கத்தில் காவல் என்பார்கள். மரம் குறைவு, நடுவில் ஒரு சிறிய ஏரி, மீதியெல்லாம் கண்ணுக்கெட்டியவரை புல். அதில் வெளிமான்கள் இருந்தன. கிடாய்கள் கறுத்து, கொம்பு முறுக்கிக்கொண்டு, ஏதோ தீர்ப்பு எழுதப் போகிறவை மாதிரி நிற்கும். வானம்பாடி, கௌதாரி, காடை, நரி எல்லாம் இருந்தன. ஓநாய் உண்டு என்று வனக்காவலர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் இல்லை என்று எழுதினேன்.

நான் சோம்பேறியாக இருந்திருந்தால் கெடுதல் குறைந்திருக்கும். ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து மான்களைக் கவனித்தேன். காவலில் சில இடங்களில் மட்டும் புல் குட்டையாக, கரும்பச்சையாக, வட்டம் வட்டமாக இருந்தது. காலையும் மாலையும் மான்கள் அந்த வட்டங்களில்தான் மேய்ந்தன. அப்படிப் பதினோரு வட்டங்களைக் கண்டுபிடித்து, வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, ‘இயற்கையாக அமைந்த மான் மேய்ச்சல் இடங்கள்’ என்று மேலே எழுதினேன். இயற்கை எதற்காகக் காம்பஸ் வைத்துப் புல் வளர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தாவரவியல் பட்டம் வாங்கியவனுக்குத் தோன்றாத கேள்விகள் சில உண்டு. அந்த வருஷம் மழை பொய்த்து, வெளியூர் வியாபாரிகள் நூற்றுக்கணக்கில் மாடுகளை ஓட்டிவந்து ஏரிக்கரையில் விட்டார்கள். கரையைச் சுற்றிப் புல் போய்ச் செம்மண் தெரிந்தது. அது உண்மையான கேடு. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அதைப் பார்த்த நான், எல்லா மாடுகளையும் எல்லா நாளும் எல்லா இடத்திலும் தடை செய்து உத்தரவு போட்டேன். பதினோரு வட்டங்களுக்கு மட்டும் தனியாக முள்வேலி. அந்த உத்தரவில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது.

வியாபாரிகள் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள். உத்தரவில் மாட்டியவர்கள் உள்ளூர்ப் பட்டிக்காரர்கள். பட்டி என்றால் மாடுகளை இரவில் அடைக்கிற முள்ளடைப்பு. ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் காவலுக்குள்ளேயே பட்டி போட்டு மாடு வளர்த்தார்கள். அவர்களில் நஞ்சம்மா என்ற பெண்மணிக்கு ஏறக்குறைய என் வயது. கணவர் இறந்த பிறகு நாற்பது மாடுகளைத் தானே நடத்திக்கொண்டிருந்தாள். முதல் நாளே அவளுடைய மாடுகளைப் பிடித்து அத்துமீறிய மாடுகளை அடைக்கும் ஹனூர் பவுண்டில் அடைத்தோம். ‘அத்துமீறி நுழைந்து அரசுப் புல்லைத் திருடியவர்’ என்று பதிவேட்டில் அவள் பெயரை என் கையாலேயே எழுதினேன். அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்து, கண்டிப்பான முகம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அவள் பதிவேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏனுங்க, தின்னது மாடு. திருடின பேரு எனக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, அபராதத்தைக் கட்டி மாடுகளை மீட்டு ஓட்டிக்கொண்டு ரோட்டோரத்துக்குப் போய்விட்டாள். தயாராக வைத்திருந்த முகம் வீணாயிற்று.

அடுத்த மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்தது. என் மேலதிகாரி வந்து அதன் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு மாலையும் போட்டார். அந்த மாலையோடு வீட்டுக்கு வந்தேனே, உனக்கு நினைவிருக்கலாம். உன் அம்மா அதைப் பிள்ளையார் படத்துக்கு மாற்றிவிட்டாள். மான்களைத்தான் காணோம். மாதக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. ‘அடர்ந்த புல்லில் மறைந்திருப்பதால் மான்களை எண்ண முடியவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றில் மிகவும் வெட்கப்படுவது இந்த வாக்கியத்துக்குத்தான். அதே வாக்கியத்தைத்தான் மிகவும் பாராட்டினார்கள். உண்மையில் அவை மறைந்திருக்கவில்லை, போய்விட்டன. வெளிமானுக்குத் தூரம் தெரிய வேண்டும். இடுப்பளவு புல்லில் நாய் வருகிறதா, ஓநாய் வருகிறதா என்று அதற்குத் தெரியாது. வெறும் தரையும் குட்டைப் புல்லும் கலந்த இடத்தில்தான் வானம்பாடி முட்டையிடும். தரை மூடிப்போனதும் அதுவும் போயிற்று. மேயாமல் நின்ற புல் காய்ந்து சாய்ந்து, அடியில் புதுத் தளிருக்கு வெளிச்சம் விடாமல் பாயாகப் படிந்தது. நான் காப்பாற்றிய புல்லை நானே மூச்சடைக்க வைத்திருந்தேன். எல்லாம் மிகுந்த ஒழுங்கோடு நடந்தது.

இரண்டாவது பங்குனியில் ரோட்டில் போன யாரோ ஒரு பீடித் துண்டை எறிந்தார்கள். இரண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு சாம்பலில் நடந்தேன். முதல் வட்டம் இருந்த இடத்தில், புல்லெல்லாம் எரிந்து போனதால், தரை நன்றாகத் தெரிந்தது. வட்டமாக முளையடித்த குழிகள். ஓரத்தில் கரிபிடித்த மூன்று அடுப்புக் கற்கள். இரண்டாவது வட்டத்திலும் அடுப்புக் கற்கள். மான்கள் சமைத்துச் சாப்பிடுகின்றன என்று அறிக்கை எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ரோட்டிலிருந்து நஞ்சம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். மான் மேய்கிற இடங்கள் என்று சொல்லி வரைபடத்தைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஏரியைக் காட்டினதும் மற்றதெல்லாம் தெரிந்துவிட்டது. சிவப்பு வட்டங்களில் ஒவ்வொன்றாக விரலை வைத்தாள். இது எங்க மாமியா காலத்துப் பட்டி. இது என் மூத்தவளைப் பெத்த வருசம் போட்டது. இது எங்கூட்டுக்காரர் பாம்பு கடிச்சுச் செத்த வருசம். என் பதினோரு வட்டங்களில் ஒன்பதை அவள் குடும்பத்து நல்லது கெட்டதை வைத்தே சொல்லி முடித்தாள். மீதி இரண்டும் பக்கத்துப் பட்டிக்காரர்களுடையவை.

"நாங்க அமாவாசைக்கு அமாவாசை பட்டிய எடம் மாத்துவமுங்க, சுத்திச் சுத்திப் பழைய எடத்துக்கே வருவமுங்க. பட்டி கெடந்த எடத்துல சாணியும் மூத்திரமும் எறங்கிக் கெடக்கும். அடுத்த மழைக்குப் புல்லு தேனாட்டம் வரும். அதுக்குத்தானுங்க மானு வருது" என்றாள். பிறகு, என் காக்கி உடுப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "இல்லாட்டி உங்க மூஞ்சியப் பாக்கவா வருது?" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கேட்ட கேள்வி அறிவியல் முறைப்படி சரியாக இருந்தது. அன்று அங்கேயே உட்கார்ந்து அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்தத் துறையில் நான் படித்த படிப்பு. மழை விழுந்ததும் ஒன்றரை மாதம் பள்ளப் பக்கத்துக்கு மாட்டை விட மாட்டார்கள். புல் விதை தள்ளிய பிறகுதான் இறக்குவார்கள். மாடு முரட்டுப் புல்லைத் தின்று நகரும். பின்னால் வரும் தளிரை மான் தின்னும். பட்டி நாய்களின் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்கள். ஓடினால் முன்னங்காலில் இடிக்கும், மானைத் துரத்தாது. குட்டி போட்ட மான் பக்கத்தில் இருந்தால் அமாவாசைக்குக் காத்திராமல் பட்டியை அப்புறம் தள்ளிப் போடுவார்கள். மான்மேல் அவ்வளவு பிரியமா என்று கேட்டேன். குட்டிக்கு வாசம் பிடித்து ஓநாய் வரும், கன்றுக்கும் ஆபத்து என்றாள். பிரியம் இல்லாமலே ஒரு காரியம் ஒழுங்காக நடக்க முடியும் என்பது ஓர் அரசு ஊழியனுக்கு எவ்வளவு ஆறுதல் என்று உனக்கு இனிமேல்தான் தெரியும்.

இதற்குள் மேலே வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. மான் இல்லாத, எரிந்துபோன நிலத்தை எதற்கு வைத்திருப்பது, இந்தப் பக்கத்தில் நீலகிரி என்று சொல்கிற தைலமரத்தை வைத்து ஓர் ஆலைக்குக் கொடுக்கலாம் என்று முடிவாகும் நிலை. பெங்களூரிலிருந்து ஒரு குழு இரண்டு வருஷம் கழித்து வந்து பார்க்கும். மான் இருந்தால் புல்வெளி, இல்லாவிட்டால் நீலகிரி. நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். மாடுகள் திரும்பி வந்தால் ஒழிய மான்கள் வராது. நஞ்சம்மாவிடம் போய், பழையபடி பட்டி போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் உடனே ஒப்புக்கொள்வாள் என்று நினைத்தேன். "மாடு வருமுங்க. திருட்டு மாடா வராது" என்றாள். நாங்கள் திருடர்கள் இல்லை என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுக்க வேண்டும், தடை போட்டது தப்பு என்றும் அதில் இருக்க வேண்டும் என்றாள். தமிழில் இருக்க வேண்டும். கன்னடத்தில் எழுதி ஏமாற்றக் கூடாது.

நான் மூன்று மாதம் எழுதவில்லை. இதை நீ நன்றாகப் படித்துக்கொள், ஏனென்றால் தடை உத்தரவைவிட இதுதான் பெரிய தப்பு. உத்தரவை அறியாமல் போட்டேன். இதைத் தெரிந்தே தள்ளிப்போட்டேன். அரசுத் தாளில் தமிழில் எழுதலாமா என்று விதிகளைப் புரட்டினேன். ‘தப்பு’ என்ற சொல்லுக்குப் பதிலாக வேறு சொற்களின் பட்டியல் ஒன்று தயாரித்தேன். முதல் மழை வந்து போயிற்று. அந்த மூன்று மாதத்தில், நஞ்சம்மாவுக்குப் பக்கத்துப் பட்டிக்காரர், ரோட்டோரத்தில் எத்தனை நாள் மேய்ப்பது என்று தன் ஆலம்பாடி இன மாடுகளைச் சந்தையில் விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போனார். அவர் திரும்பி வரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரைவுகளை மேஜையில் பரப்பி வைத்திருந்தபோது உன் அம்மா வந்து நின்றாள். கோபம் வந்தால் அவள் என்னைக் கன்னடத்து ‘ரீ’ போட்டுக் கூப்பிடுவாள் என்பது உனக்குத் தெரியும். "நம்ம கல்யாணத்துக்குச் சரின்னு சொல்ல ஒரு மத்தியானம் எடுத்துக்கிட்டீங்க. இந்த நாலு வரிக்கு மூணு மாசமா? சும்னே எழுதிக் குடுங்க ரீ" என்றாள். எழுதினேன். இவர்கள் திருடர்கள் அல்ல. இவர்கள் மாடுகள் மேய்ந்ததால்தான் இங்கே மான்கள் இருந்தன. அது தெரியாமல் தடை போட்டது என் தப்பு. கையெழுத்து, முத்திரை. மேலே மைசூர் என்பதை அடித்துக் கர்நாடகம் என்று எழுத மறக்கவில்லை.

மறுவாரம் ஹனூர் பஸ் ஸ்டாண்டில் நஞ்சம்மாவிடம் தாளைக் கொடுத்துவிட்டு, வந்த காரியம் முடிந்ததென்று மைசூர் பஸ்ஸில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் யோசித்திருந்தேன். யாரிடம் படிக்கச் சொல்வாள் என்பதைத்தான் யோசிக்கவில்லை. அவள் பஸ்ஸில் ஏறி, தாளைக் கண்டக்டரிடம் கொடுத்தாள். அவர் தமிழர். டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். ‘என் தப்பு’ என்ற இடத்தில் ஒரு பெரியவர் மறுபடி படிக்கச் சொன்னார், காது சரியில்லையாம். மறுபடி படித்தார். கையெழுத்து யாருடையது என்று கண்டக்டர் கேட்டார். நஞ்சம்மா என்னைக் காட்டினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "நான்தான்" என்றேன். டிரைவர், வண்டியை எடுக்கலாமா என்று கேட்டார். எடுங்கள் என்றேன். அவ்வளவுதான் நடந்தது, மகனே. மூன்று மாதம் நான் பயந்தது அவ்வளவுக்குத்தான். கீழே இறங்கி நின்ற நஞ்சம்மா, "நாளைக்கே பட்டி போட்டர்றமுங்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். அந்த வழியில் அத்தனை வருஷத்தில் முதல் முறையாக மைசூர் வரை தூங்கிக்கொண்டு வந்தேன்.

மேலே ஒப்புதல் ஆகிவிட்ட தடை உத்தரவை ரத்து செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை. மாலை போட்டவருக்குத்தான் இருந்தது, அவருக்கு மனம் இல்லை. ஆனால் மறுபடி தீப்பிடிக்கும் என்று எல்லோருக்கும் பயம் இருந்தது. அதனால் பட்டி மாடுகளை ‘தீத்தடுப்பு ஏற்பாடு’ என்று தனிப் பதிவேட்டில் ஏற்றினேன். காய்ந்த புல்லைக் குறைப்பதற்காக, இத்தனை மாடுகள், இன்ன மாதங்களில், இன்ன பக்கத்தில். அமாவாசைக்கு அமாவாசை இடம் மாற்ற வேண்டும். மழைக்குப் பின் ஒன்றரை மாதம் பள்ளப் பக்கம் மூடியிருக்கும். ஏரிக்கரைச் செம்மண்ணில் மறுபடி புல் பிடிக்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. அவர்கள் செய்துவந்ததையே அவர்களுக்கு நிபந்தனையாக எழுதினேன். நாய்களுக்குக் கட்டை கட்ட வேண்டும் என்று படித்தபோது நஞ்சம்மா, "எங்க நாய்க்கு நாங்க கட்டறோம். உங்க காவலருக நாய்க்கு ஆருங்க கட்டறது?" என்று கேட்டாள். அதையும் சேர்த்தேன். அடுத்த வறட்சியில் வெளியூர் வியாபாரிகள் மறுபடி வந்தபோது என் காவலர்கள் வண்டிக்கு டீசல் இல்லை என்று உட்கார்ந்திருந்தார்கள். பட்டிப் பெண்கள் வழியில் நின்று பேசியே அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். என்ன பேசினார்கள் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில், நான் வரைபடத்தில் குறிக்காத ஒரு புது வட்டத்தில் ஆறு மான்கள் நின்றன. மறுவாரம் ஒரு கறுத்த கிடாய். குட்டைப் புல்லுக்கு நடுவே வானம்பாடி ஒன்று தரையிலிருந்து மேலே ஏறிப் பாடிவிட்டுக் கல் மாதிரி விழுந்தது. நான் ஜீப்பில் உட்கார்ந்து ஒன்றும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்த தப்பைத் திருத்த முடிகிற தப்பாகச் செய்வதற்கு எவ்வளவு அதிர்ஷ்டம் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. செங்கல் சூளைக்குப் போனவருக்கு வாய்க்கவில்லை.

ஆகவே நீ திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதே. உன் ஊரில் ஆட்டு மந்தை நடத்தும் கீதாரிகள் இரவில் எங்கே கிடை போடுகிறார்கள், போன வருஷம் எங்கே போட்டார்கள் என்று போய்க் கேள். அவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் போ. அப்போதுதான் உண்மை பேச நேரம் இருக்கும். அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. எத்தனை, எப்போது, எங்கே என்று மூன்று கேள்வி இருக்கிறது; ‘கூடாது’ என்பது அந்த மூன்றுக்கும் பதில் ஆகாது. மான் கண்ணில் படாவிட்டால், படவில்லை என்று எழுது. மேலதிகாரி ஏன் தாமதம் என்று கேட்டால், வயதான தகப்பனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள். நான் இங்கே இருமிக் காட்டுகிறேன். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இதை இத்தனை வருஷம் கழித்து ஒருவருக்காவது எழுத முடிந்ததே என்று இருக்கிறது. உன் அம்மா, உனக்கு ஊறுகாய் அனுப்பவா என்று கேட்கச் சொன்னாள்.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. பெங்களூர்க் குழு சொன்னபடி வந்தது. நான்கு பேர். காலை ஏழு மணிக்கே காவலுக்குப் போய்விட்டோம். ஜீப்பிலிருந்து இறங்காமலே மான்களை எண்ணினார்கள், இரண்டு முறை எண்ணினார்கள், திருப்தி. நீலகிரி கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பிறகு அலுவலகத்துக்கு வந்து கோப்பைக் கேட்டார்கள். தடை உத்தரவு இருந்த கோப்பைக் கொடுத்தேன். தீத்தடுப்புப் பதிவேடு வேறு அலமாரியில் இருந்தது. சேர்த்துச் சொல்ல ஏதாவது உண்டா என்று குழுத் தலைவர் கேட்டார். இல்லை என்றேன். மேய்ச்சலை முழுமையாகத் தடை செய்ததால் மான்கள் பெருகின என்று அவர்கள் அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கை, என் உத்தரவின் நகலோடு, மாநிலத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டது.